விரல் நுனியிலிருந்து திரைக்கு - கல்லீரல் கட்டியும் எலாஸ்டோகிராஃபியும்

ஊரிலிருந்து வைத்தியத்துக்கென்று யாராவது வந்தால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்கள்தான். ரிப்போர்ட்டில் 'கிலோபாஸ்கல்' என்று ஒரு எண் இருந்தால் "இது என்னப்பா?" என்று நம்மைத்தான் கேட்பார்கள். நான் பி.காம். படித்த வங்கி ஆசாமி. ஆனாலும் தேடிப் படித்ததில் கதை சுவாரசியமாக இருந்தது.

வயிற்றை விரலால் அழுத்தி, கல்லீரல் கெட்டியா மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பது ரொம்பப் பழைய வைத்தியம். 1991ல் ஹூஸ்டனில் ஜோனதன் ஓஃபிர் குழுவினர் அந்த விரலின் வேலையை அல்ட்ராசவுண்டுக்குக் கொடுத்தார்கள். அழுத்துமுன் ஒரு எதிரொலி, லேசாக அழுத்தியபின் இன்னொன்று. இரண்டையும் டாலி பார்த்தால், மெத்தென்ற இடம் அதிகம் நசுங்கியிருக்கும், கெட்டியான இடம் அவ்வளவாக நசுங்காது. அதைப் படமாக்கி எலாஸ்டோகிராஃபி என்று பெயரும் வைத்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம்தான், 1990ல், இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இன்னொரு வேலை நடந்தது. கல்லீரலுக்குள் ஊசியைச் செருகி, ரேடியோ அலை மின்சாரத்தால் திசுவைச் சுடுவது. 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு இன்று இது நல்ல வழி. கட்டியை மட்டும் சுட்டால் போதாது, சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. சேர்த்துச் சுட வேண்டும். (கடனுக்கு நாங்கள் மார்ஜின் கேட்பதில்லையா, அதே மார்ஜின்தான்!)

சிக்கல் இங்கேதான். சூட்டில் கிளம்பும் வாயுக் குமிழிகள் சாதாரண ஸ்கேன் திரையில் வெள்ளை மேகமாகப் படர்ந்துவிடும். சூடு எதுவரை போனது என்பது தெரியாது. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால் அது சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கட்டி மறுபடி வளரும்.

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல சுட்ட திசு கெட்டியாகிறது. அப்படியானால் கெட்டித்தனத்தைப் படமெடுத்தால் எல்லை தெரியுமே? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாமி வர்கீஸ் குழுவினர் 2002ல் இதை உயிருள்ள விலங்கின் கல்லீரலில் செய்து வெளியிட்டார்கள். விலா எலும்புக்குள் இருக்கும் கல்லீரலை வெளியிலிருந்து சரியாக அழுத்த முடியாது என்பதால், அதே குழு ஒரு வழி கண்டுபிடித்தது. ஊசிதான் வெந்த திசுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதையே மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைத்துப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்தக் கிலோபாஸ்கல் எண் 2003ல் பிரான்சில் வந்த ஃபைப்ரோஸ்கேன் வழியே பரவியது. ஆரோக்கியமான கல்லீரலில் சுமார் 5. 12க்கு மேல் போனால் சிரோசிஸ் இருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். கட்டியை வெட்டி எடுப்பதா, சுடுவதா, மீதிக் கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்று திட்டமிடும்போது மற்ற பரிசோதனைகளோடு இதையும் பார்க்கிறார்கள். சுட்டபின் முழுதும் போயிற்றா என்று தீர்ப்புச் சொல்வது இன்றும் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.தான்.

இன்னொரு விஷயம். சாப்பிட்டுவிட்டுப் போனால் இந்த எண் ஏறிவிடும். குறைந்தது மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். கூட்டிப்போகிற அவசரத்தில் வழியில் இட்லி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.