திருவில்லிபுத்தூர்ச் சுவரெழுத்தும் வண்ணப் பயிற்சியும்

தமிழ்நாட்டு ஓவிய வரலாறு எழுதுவோர், சித்திரகாரப்புலி என்னும் பட்டம் பூண்ட மகேந்திரவர்மனில் தொடங்கிச் சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் வழியாக நாயக்கர் கால மண்டபங்களில் நூலை முடித்தல் பெருவழக்கு. அரசனும் கோயிலும் இல்லாத இடத்தில் ஓவியம் இல்லை என்பது போன்ற தோற்றம் இதனால் விளைகின்றது. கோடிழுக்கவும் நிறந்தீட்டவும் மக்கள் எங்கே பயின்றனர், யார் பயின்றனர் என்னும் வினா எழுப்பப்படுவதேயில்லை. இவ்வினாவிற்குத் திருவில்லிபுத்தூர்ச் சான்றொன்று விடை தருகின்றது. அதனைப் பக்திச் சுவை நோக்கில் மட்டும் படித்துவந்தமையால் அதன் வரலாற்றுப் பயன் உணரப்படவில்லை என்க.

8, 9-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் முதற்பதிகத்தில் காமனை நோக்கி நோன்பு நோற்கின்றார். தைத்திங்களில் தரையைத் தூய்மை செய்து மண்டலமிடுதலும், நுண்மணலால் தெருவை அணிசெய்தலும் முதற்பாடல்களில் வருகின்றன. நான்காம் பாடலில் இடம் தரையிலிருந்து சுவருக்கு மாறுகின்றது. காமன் பெயரைச் சுவரில் எழுதியதோடு, மீன்கொடிகளையும் குதிரைகளையும் கவரி வீசும் பெண்களையும் கரும்பு வில்லையும் காட்டியதாக அவர் கூறுகின்றார். எழுதுதல் என்னும் வினை பெயருக்கு மட்டுமே உரியது, ஏனையவற்றிற்கு அன்று எனச் சிலர் தடை கூறக்கூடும். சுவரில் குதிரையைக் காட்டுதற்கு அதனை வரைதலன்றி வேறு வழி யாதுளது? கொடி, விலங்கு, பெண்ணுரு, வில் என நால்வகை வடிவங்களை ஓர் இளம்பெண் வீட்டுச் சுவரில் வரைதல் இயல்பான செய்தியாகவே அங்குப் பேசப்படுகின்றது. பழகாத கை குதிரையை வரையாது.

அவ்வுருவங்கள் நிறந்தீட்டப்பட்டனவா? பாட்டு அதனைக் கூறவில்லை. நாமும் கூட்டியுரைத்தல் கூடாது. ஆயினும் கோடு வேறு, நிறம் வேறு என்னும் தெளிவு தமிழரிடம் முன்னரே இருந்தது. நெடுநல்வாடை, அணிகலன் நீங்கிய அரசியைப் 'புனையா ஓவியம்' என்னும் தொடரால் உவமிக்கின்றது. வண்ணங்கொண்டு எழுதாது வடிவைக் கோட்டால் மட்டும் காட்டிய ஓவியம் என்பது நச்சினார்க்கினியர் கொண்ட பொருள். 'புனையா' என்னும் எதிர்மறை வழங்கிற்று எனின், கோட்டளவில் நின்றதும் ஓவியமே எனவும், நிறம் அதன்மேல் ஏறும் இரண்டாம் நிலை எனவும் அக்காலத்தார் கொண்டனர் என்பது போதரும். நிறத்தைப் பற்றுவிக்கும் கருவியையும் அவர்கள் கூர்ந்து நோக்கியுள்ளனர். பாலை பாடிய பெருங்கடுங்கோ, நற்றிணை 118-ஆம் பாட்டில், பாதிரிப் பூவின் துய் பொருந்திய தலையை, ஓவியர் அரக்கில் தோய்த்த துகிலிகைக்கு ஒப்பிடுகின்றார். தூரிகையின் மயிர் நுனியில் செந்நிறம் ஏறிநிற்கும் நிலையை அருகிருந்து கண்டவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது.

ஆண்டாள் வரைந்த கரும்பு வில் தனித்து ஆராயத்தக்கது. மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் எழுதும் வழக்கில் கரும்பு மீண்டும் மீண்டும் வரும் வடிவம். கண்ணகியின் தோளில் எழுதப்பட்டவையும் கரும்பும் கொடியுமே. பரிபாடல் 19-ஆம் பாட்டோ, திருப்பரங்குன்றத்து ஓவியங்களுள் காமனும் இரதியும் இருந்தமை கூறுகின்றது. அங்கு வந்தோர், இவர் யாவர் எனக் கேட்க, அருகில் நின்றோர் விடை கூறுகின்றனர். கணிகையர் கற்ற கலைகளுள் ஓவிய நூலும் ஒன்றென மணிமேகலை கூறுவது உண்மையே; எனினும் நூல்வழிக் கல்வி சிலர்க்கே உரியது. பலர்க்கு உடலும் தரையும் சுவருமே ஏடாயின, குன்றத்து மண்டபமே பள்ளியாயிற்று எனலாம்.

1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியோடு வேறொரு பயிற்சிமுறை புகுந்தது. அதனோடு பென்சிலும் பரவிற்று. கரியும் களிமண்ணும் கலந்து சூளையிற் சுடும் முறையைப் பிரான்சு நாட்டுக் கோந்தே 1795-இல் கண்டார். வண்ணப் பென்சிலின் இயல்பு வேறு. சூளை வெப்பத்தில் நிறம் கெடுமாதலின் நிறப்பொடியை மெழுகில் பிணைத்துச் சுடாமலே செய்வர். தட்டில் குழைத்துக் கலத்தல் இதில் இயலாது. ஒரு நிறத்தின்மேல் மற்றொன்றை மெல்லிய படலமாக ஏற்றித் தாளிலேயே கலக்கவேண்டும். இழுக்கும் கோடே நிறமுமாதலின், புனைதல், புனையாமை என்னும் பழைய பகுப்பு இக்கருவியில் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றது. இருந்தும், முதலில் மங்கலாக உருவரை இட்டு, பின்னரே இளநிறம் தொடங்கி அடர்நிறம் ஏற்றுக என்றே ஆசிரியர் கற்பிக்கின்றனர்.

சென்னைப் பள்ளியில் பயின்றோருள் ஒருவர் இத்தென்பகுதிக்கு வந்து சேர்ந்தார். அவர் சி. கொண்டையராஜு (1898–1976). இரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கியவர் அவர். அத்திருவண்ணாமலை அருணாசலம், திருவில்லிபுத்தூரை அடுத்த குன்றில் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட திருவண்ணாமலை வேறு. ஊர்ப்பெயர் ஒற்றுமையால் இரண்டனையும் மயக்குவார் இன்றும் உளர். பின்னர் நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கினார். தீப்பெட்டிகளின் மேல் ஒட்டும் படத்தாளுக்காகச் சிவகாசியில் வளர்ந்த அச்சுத்தொழில், அவர் எழுதிய தெய்வப் படங்களை நாட்காட்டிகளாக்கி வீடுதோறும் சேர்த்தது. கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் அவர் பணியை ஆராய்ந்து எழுதியுள்ளார். நம் ஓவிய வரலாற்று நூல்களுள் பலவற்றில் அவருக்கு ஒரு பத்திதானும் இல்லை. விலைக்கு அச்சான படம் கலையாகாது என்னும் எண்ணமே காரணம் போலும். அவ்வளவையைக் கொண்டால் திருவில்லிபுத்தூர் நோன்புச் சுவரும் தள்ளுண்ணும்.

டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் பட்டமோ சான்றிதழோ நாடாது, ஆசிரியருடன் இருந்து தொழில் செய்தே கற்றவர்கள். அந்நாட்காட்டிப் படங்கள் பலவற்றின் கீழ் மூலையை நோக்கின், கொண்டையராஜுவின் பெயரும் மாணவர் ஒருவரின் பெயரும் ஒருங்கே எழுதப்பட்டிருத்தலைக் காணலாம்.