திரையெழுத்தும் செவிப்புலனும்: சிங்கைத் தமிழின் ஒரு வரலாறு

எழுத்துக்கு இரு வடிவம் உண்டு என்பது தமிழிலக்கணம் கற்றார் யாவரும் அறிந்ததே. வாயிற் பிறந்து செவியாற் கொள்ளப்படுவது ஒலிவடிவு; கையால் எழுதப்பெற்றுக் கண்ணாற் காணப்படுவது வரிவடிவு. இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி நின்றாலன்றி எழுத்தின் பயன் நிறைவுறாது. இலக்கண நூலோடு நின்றுவிட்டது போலத் தோன்றும் இவ்வுண்மை, கைப்பேசித் திரையில் உள்ள ஒரு பொத்தானின் பெயருக்கும் பொருந்துவதைச் சிங்கப்பூரின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது.

1965ஆம் ஆண்டு தனிநாடான சிங்கப்பூர், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஆயினும் சட்டம் தந்த உரிமை குறையவில்லை. சிராங்கூன் சாலைக் கடைப்பலகைகளில் தமிழ் இன்றும் விளங்குகின்றது. ஆனால் பலகை படிப்பதற்குரியது, திரையோ செயற்படுவதற்குரியது. திரையில் ஒரு சொல் விளங்காவிடின் முதியவர் ஒருவரின் மருத்துவ முன்பதிவு நின்றுவிடும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஒருவரின் விண்ணப்பம் தடைப்படும். கண்பார்வை அற்றோர்க்கோ திரையெழுத்து முழுவதும் ஒலிவடிவே. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் படித்துக் காட்ட, அவர்கள் செவியாற் கேட்டே செயற்படுகின்றனர்.

இத்துறையில் முதலில் எதிர்ப்பட்ட தடை எழுத்தைப் பற்றியது. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்து விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி (1946–1999), டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது. ‘இணையம்’ என்னும் சொல்லை ஆக்கியவர் கோவிந்தசாமியே என்பர்.

அக்காலத்தில் எழுத்துருதோறும் குறியீட்டு முறை வேறுபட்டது. ‘கொ’ என்னும் எழுத்தைக் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பல முறைகள் சேமித்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாயிற்று. இத்தொல்லைக்கு அஞ்சிச் சொற்களைப் படமாக்கி இட்டோரும் பலர். படமோ கண்ணுக்கு எழுத்து. திரைவாசிப்பானுக்கு வெறும் படம். வரிவடிவு இருந்தும் ஒலிவடிவு இல்லாத நிலை அது.

இக்குழப்பம் நீங்க 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது; 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும் அறிஞர்கள் கூடினர். உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000இல் பிறந்தது. நாளடைவில் யூனிகோடு என்னும் ஒருங்குறி நிலைபெற்றது. இதில் ‘கொ’ என்பது முதலில் ககரமாகவும் அடுத்து ஒகரக் குறியாகவும் ஒலிக்கும் முறையிலேயே அமைகின்றது. எனவே ஒரே எழுத்து கண்ணுக்கும் செவிக்கும் பொதுவாயிற்று. வையவிரிவலைக் கூட்டமைப்பு 1999இலும் 2008இலும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் படத்திற்கு மாற்றாக எழுத்துரை வேண்டும் என வற்புறுத்தின. பக்கத்தின் மொழி இன்னதெனக் கணினிக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டு நெறிகளுள் ஒன்று. அவ்வறிவிப்பு இல்லையேல் தமிழைப் பிறமொழிக் குரல் படிக்க முயலும்.

எழுத்துத் தடை நீங்கியும் சொல்லின் தடை எஞ்சியது. 2014ஆம் ஆண்டு ‘லாவ் பா சாட்’ என்னும் பழைய உணவங்காடிக்கு வழிகாட்டிய பலகையில் ‘சாட்’ என்பது ‘சனி’ எனத் தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் அவ்வெழுத்துகள் சனிக்கிழமையின் குறுக்கமும் ஆகும். அவ்வாண்டே தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைந்தது. 2017இல் தேசிய தின அணிவகுப்புத் துண்டறிக்கையில் தமிழ்த் தொடர் சிதைந்து அச்சேறியது. 2022இல், அரசின் மொழிபெயர்ப்புப் பொறியைப் பொதுமக்களும் பயன்படுத்தித் திருத்தம் கூறத்தக்க தளம் ஒன்று திறக்கப்பெற்றது. பொறி விரைவைத் தரும். பொருத்தம் நோக்குதல் தமிழறிந்தார் கடனேயாம்.

பிழையின்மை மட்டும் போதுமோ எனின், போதாது. ‘இங்கே சொடுக்குக’ என்பது இலக்கணப் பிழையற்ற தொடரே. ஆயினும் இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுச் செல்லும் பார்வையற்றவர்க்கு ‘இங்கே’ என்பது எங்கே? ‘கட்டண விவரம் காண்க’ என்பதே அவர்க்கு வழிகாட்டும். ‘சிவப்புப் பொத்தானை அழுத்துக’ என்பதும் நிறம் காணாதார்க்குப் பயன்படாது. ‘தவறான உள்ளீடு’ என்பது குற்றஞ்சாட்டுகின்றதேயன்றித் திருத்தும் வழி கூறவில்லை. ‘அஞ்சல் குறியீட்டில் 6 இலக்கங்கள் வேண்டும்’ என்பதோ வழி கூறுகின்றது. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால், தொடர் நீளுந்தோறும் செய்யவேண்டிய செயல் செவிக்குப் பிந்தி வரும். ஆகவே குறுந்தொடரே திரைக்கு ஏற்றது.

ஓலைச்சுவடியில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கியமை கண்டு, அவற்றின் வரிவடிவைத் திருத்தியவர் வீரமாமுனிவர். படிப்போர் இடர் நீக்குவதே அவர் நோக்கம். திரைக்குத் தமிழ் எழுதுவோர் பணியும் அவ்வழியில் வந்ததே. பள்ளியில் ஒரு தொடரை மாணவர் எழுதியவுடன் அதனை உரக்கப் படிக்கச் செய்யும் ஆசிரியர், இப்பணிக்கு வேண்டிய முதற் பயிற்சியைத் தருகின்றார். கேட்டவர் செய்யவேண்டியதை உடனே உணர்ந்தால் அத்தொடர் நன்று. உணராவிடின் மீண்டும் எழுதுவதே முறை.