அக்ரெஸென்ஸ்: உறவுச் சொற்கள் இழந்த பொருளைக் காத்த சொல்

ஆங்கில அகராதிகளில் ‘அக்ரெஸென்ஸ்’ என்றொரு சொல் உண்டு. விடாது வளர்தல், மேன்மேலும் கூடிவருதல் என்பது பொருள். பேச்சிலோ நாளிதழிலோ அது கண்ணில் படுவது அரிது. ‘குரோத்’ என்ற எளிய சொல் இருக்க இது வெறும் அலங்காரம் எனத் தள்ளிவிடத் தோன்றும். சொல்லின் பிறப்பையும் அது இன்றும் புழங்கும் துறையையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

‘குரோத்’ ஜெர்மானிய வேரில் பிறந்தது. புல்லையும் பச்சை நிறத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நெருங்கிய உறவு. ‘அக்ரெஸென்ஸ்’ லத்தீன் வழி வந்தது. ‘கிரெஸ்கெரே’ என்றால் வளர்தல். மேற்சேர்தலைக் காட்டும் ‘அட்’ என்னும் முன்னொட்டு, அடுத்து வரும் ககர ஒலிக்கேற்பத் திரிந்து ‘அக்’ ஆயிற்று. புணர்ச்சி விதி படித்தவருக்கு இத்திரிபு புதிதல்ல.

கிரெஸ்கெரே குடும்பம் பெரியது. ஆனால் அதன் பிள்ளைகளில் பல வளர்ச்சியை மறந்துவிட்டன. ‘கிரெஸென்ட்’ முதலில் வளர்பிறையைச் சொன்னது. இன்று வெறும் பிறை வடிவம். கப்பல் பணியாளரைக் குறிக்கும் ‘க்ரூ’ முதலில் படைக்குக் கூடுதலாக வந்து சேர்ந்த வீரர்களைக் குறித்தது. சேர்ந்து வளர்ந்து இறுகியது என்ற பொருளில் பிறந்த ‘கான்கிரீட்’ இன்று கட்டடக் கலவை. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், இளவரசனின் அறிவு கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்ததைச் சொல்ல ஈலி ஆயர் கையாளும் ‘கிரெஸிவ்’ பொருள் மாறாத சொல். அதுவோ வழக்கிலிருந்தே ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அக்ரெஸென்ஸுக்கு ‘அக்ரீஷன்’ உடன்பிறப்பு. முன்னது லத்தீன் வினையின் நிகழ்கால எச்ச அடியிலும், பின்னது இறந்தகால எச்ச அடியிலும் உருவானவை. இந்த இலக்கண வேறுபாடே பொருளையும் பிரித்தது என்று சொல்வது மிகை. லத்தீனில் பின்னதும் பொதுவாகக் கூடுதலையே சுட்டியது. பிரிவு வழக்கில் நேர்ந்தது. ஆற்றங்கரையில் வண்டல் படிவதும், விண்தூசி திரண்டு கோளாவதும் அக்ரீஷன் எனப்பட்டன: வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. உள்ளிருந்து தொடரும் வளர்ச்சியைத் தாவரவியலார் ‘அக்ரெஸென்ட்’ என்னும் பெயரடையால் குறித்தனர்.

அவர்களுக்கு அது தேவைப்பட்டது. கசகசாச் செடியில் மொட்டு விரிந்ததும் புல்லிகள் உதிர்ந்துவிடும். வேறு சில செடிகளில் அவை உதிராமல் அப்படியே தங்கும். இன்னும் சிலவற்றில் தங்குவதோடு நில்லாமல் பூத்த பின்னும் வளரும். இந்த மூன்றாம் வகையே அக்ரெஸென்ட். வேலியோரத்துச் சொடக்குத் தக்காளி இதற்கு நல்ல சான்று. பூவில் சிறிதாக இருக்கும் புல்லிவட்டம், காய் பிடித்ததும் காற்றடைத்த பைபோலப் பருத்துப் பழத்தை முழுதும் மூடிக்கொள்கிறது. சிறுவர்கள் அடித்துச் சொடக்குவது அந்தப் பையைத்தான். அமுக்கராவிலும் இதே அமைப்பு. தேக்கின் காயை மூடிய உப்பிய உறையும் வளர்ந்த புல்லிவட்டமே. கத்தரிக்காயின் பச்சைத் தொப்பியும் காயோடு சேர்ந்து வளர்ந்ததுதான்.

‘வளரும்’ என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு கிடைக்காது. பூத்தல் முடிந்த பிறகும் வளர்கிறது என்பதே இங்குச் செய்தி. ஆகவே ஆங்கிலம்-தமிழ் அகராதி தொகுப்போர் இச்சொல்லுக்கு எதிரே ‘வளர்ச்சி’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், ‘பூத்தபின் தொடரும் வளர்ச்சி’ என்ற தாவரவியல் பொருளையும் தனியே பதிய வேண்டும். சான்றாகச் சொடக்குத் தக்காளியையே காட்டலாம்.