களிம்பும் கணக்கும்: கோடைக்கானல் மலையில் பழைய பொறிகளைப் பழுதுபார்த்தல்

1. வழக்கு

நின்றுபோன பழைய பொறியை ஓட வைப்பது ஒரு வேலை. அது பிறந்தபோது இருந்த நிலைக்கே திருப்புவது வேறொரு வேலை. முன்னதைப் பழுதுபார்த்தல் என்றும் பின்னதை மீட்டெடுத்தல் என்றும் இக்கட்டுரை குறிக்கும். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. பட்டறை மேசையில் பொறியைத் திறந்து வைத்த பிறகுதான் அவை எதிரெதிர்த் திசையில் இழுப்பது தெரியவரும்.

குண்டு உருட்டி ஆடும் பழைய பின்பால் பொறிகளை வீட்டில் வைத்துச் செப்பனிடுவோரிடையே இது ஓயாத வழக்கு. தேய்ந்த ஆடுதளத்து ஓவியத்தின் மேல் புதிதாக வண்ணம் தீட்டலாமா? பழைய ரிலே இருக்கவேண்டிய இடத்தில் இன்றைய மின்னணுத் தகடு பொருத்தினால் அது அதே பொறிதானா? இந்த வழக்குக்குப் பழனி மலையில் நல்ல சாட்சி ஒன்று உண்டு. அது விளையாட்டுக்கூடம் அல்ல, 1899 முதல் இயங்கிவரும் கோடைக்கானல் சூரிய ஆய்வகம்.

2. இரு பொறிகள்

பின்பாலுக்கு மூதாதை பேகட்டெல் பலகை. ஆணிகளுக்கிடையே குண்டு உருளும் அந்தப் பலகைக்குச் சுருள்வில் உந்தி பொருத்தி 1871-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவில் குடியேறிய மான்டேகு ரெட்கிரேவ். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’, குண்டைத் தட்டிவிடும் ஃப்ளிப்பர்களோடு வந்தது. அதன்பின் ஆட்டம் ஆடுபவரின் கைக்கு வந்தது. 1970-களின் பின்பாதியில் மின்னணுச் சில்லுகள் நுழையும்வரை இப்பொறியின் ‘மூளை’ முழுவதும் மின்காந்தச் சுருள், ரிலே, படிப்படியாக நகரும் சக்கரம், ஒரு சிறு மோட்டார் ஆகியவைதான். ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு ஓர் இலக்கில் மோதினால் ஒரு தொடுமுனை மூடும்; அது ஒரு ரிலேயை இழுக்கும்; ரிலே மோட்டாரைக் கிளப்பும்; மோட்டாரின் கேம் எண் சக்கரத்தை ஐந்து முறை தட்டும்; ஐம்பது புள்ளி ஏறும். நினைவகம் என்று தனியாக எதுவும் இல்லை. சக்கரம் எங்கே நிற்கிறதோ அதுதான் நினைவு.

கோடைக்கானலின் சூரியவரைவியும் இப்படி வரிசை மாறாமல் நடக்கவேண்டிய பொறிதான். ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற இது கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்திடமிருந்து 1904-இல் வந்து சேர்ந்தது. 46 சென்டிமீட்டர் கண்ணாடி வெயிலைப் பிடித்து 30 சென்டிமீட்டர் லென்சுக்கு அனுப்பும். லென்ஸ் 60 மில்லிமீட்டர் அகலச் சூரிய பிம்பத்தை ஒரு மெல்லிய பிளவின் மேல் விழச் செய்யும். பிளவின் வழியே நுழைந்த ஒளியைப் பட்டகம் பிரிக்க, இரண்டாவது பிளவு கால்சியத்தின் ‘கே’ கோட்டை மட்டும் தகட்டுக்கு விடும். பிளவு சூரியன் மீது சீராக ஊர்ந்தால்தான் கோடு கோடாகச் சேர்ந்து முழுப்படம் கிடைக்கும். நடுவில் ஒரு கணம் தயங்கினால் படத்தில் வரி விழும். பின்பாலில் தயக்கம் ஒரு புள்ளியைத் தின்னும், இங்கே சூரியனில் ஒரு கீற்றைத் தின்னும். பழுதைத் தேடும் வழி இரண்டுக்கும் ஒன்றே: எந்தப் படியில் வரிசை அறுந்தது என்று பின்னோக்கி நடப்பது.

3. வீட்டுப் பட்டறையிலிருந்து வந்தவர்

1907 ஜனவரியில் கோடைக்கானல் வந்த ஜான் எவர்ஷெட் பல்கலைக்கழகம் வளர்த்த வானியலாளர் அல்லர். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்துக்காரர். இரசாயன நிறுவனமொன்றில் வேலை. கென்லி ஊரில் சொந்த ஆய்வுக்கூடம் வைத்து, நண்பர் ரன்யார்ட் வழி வந்த 18 அங்குலத் தொலைநோக்கியோடும் தானே செய்த கருவிகளோடும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இன்றைய சொல்லில், வீட்டில் பொறி பிரிப்பவர்.

மலைக்கு வந்ததும் அவர் கைவைத்த முதல் வேலைகளில் ஒன்று, கேம்பிரிட்ஜ் பொறியைச் சீர்செய்து ஒழுங்காகப் படமெடுக்க வைத்தது. செய்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். உதிரி வேண்டுமென்றால் கப்பல், ரயில், அப்புறம் மலையேற்றம். கார் ஏறும் சாலையே 1914-க்குப் பிறகுதான் வந்தது. இந்தத் தூரமே பட்டறைக்காரருக்கு வேலை தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1909 ஜனவரியில் தம் நிறமாலைமானியால் கரும்புள்ளிகளின் புறநிழலைப் பதிந்தபோது, வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டார். அதுவே இன்று எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. 1911-இல் ஹைட்ரஜன் ஒளியில் படமெடுக்க இன்னொரு சூரியவரைவியைத் தாமே அமைத்து, பழைய கேம்பிரிட்ஜ் பொறியோடு பிணைத்தார்.

அந்தப் பிணைப்பை இந்த வழக்கின் மையச் சான்றாகக் கொள்கிறேன். மீட்டெடுப்போர் கண்ணில் அது குற்றம்: மூலப்பொறியின் வடிவத்தில் அவர் குறுக்கிட்டார். ஆனால் அந்தக் குறுக்கீட்டால்தான் பழைய பொறி இரண்டாவது வேலையும் பெற்றது.

4. மலையின் ஈரம்

இரண்டாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல், இரு பருவமழையும் நனைக்கும் இடத்தில், பொறிக்கு முதல் பகை தேய்மானம் அல்ல, ஈரம். செம்பில் களிம்பு பிடிக்கும், எஃகில் துரு ஏறும், லென்சில் பூஞ்சணம் வலை பின்னும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் சன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊர் இது. பழைய வால்வு ரேடியோவோ பின்பாலோ வைத்திருப்பவர் பெட்டிக்குள் ஒரு சிறு குண்டுபல்பை எரியவிடுவது நல்லது. அந்தக் கதகதப்பே ஈரத்தை விரட்டும்.

தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்ப்பது பரவலான தவறு. வெள்ளி முனையின் மேல்பூச்சு போய்விடும், அடுத்த மழையில் இன்னும் வேகமாகக் கறுக்கும். ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை முனைகளுக்கிடையே செருகி, மெல்ல அழுத்தி இழுத்தால் பெரும்பாலும் போதும். கறுப்பு காகிதத்துக்கு வந்துவிடும். ஃப்ளிப்பர் சுருளுக்கு மின்சாரம் விடும் டங்ஸ்டன் முனைக்கு மட்டும் அரம் வேண்டும். எண்ணெய் எங்கும் விடக்கூடாது. அது தூசியைக் கூட்டி, குளிரில் பசையாகி, சுருளின் உள்தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

மின்சாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பெட்டி 115 வோல்ட், 60 சுழற்சிக்குச் செய்தது. நம் ஊரில் 230 வோல்ட், 50 சுழற்சி. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. சுழற்சியை அதனால் மாற்ற முடியாது. அதனால் உள்ளிருக்கும் மோட்டார் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், உள் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும். பொறி கெட்டுவிட்டது என்று பிரிக்கத் தொடங்கும் முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூடியைத் திறக்கும்முன் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கவேண்டும் என்பதை ஆய்வுக் கட்டுரையில் எழுதவேண்டுமா என்று யோசித்தேன். எழுதலாம், தவறில்லை.

5. மாறியவையும் நின்றவையும்

பாரிஸின் லெரெபூர், செக்ரெத்தான் நிறுவனத்தார் செய்த 6 அங்குலத் தொலைநோக்கி 1850-இல் சென்னை ஆய்வகத்துக்கு வந்தது. 1898-இல் டப்ளினின் கிரப் நிறுவனம் அதை மாற்றியமைத்தது. பிறகு கோடைக்கானலில் வெள்ளொளியில் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் கருவியானது. குழாயில் ஒரு கையும் லென்சில் இன்னொரு கையும் பட்ட கருவி அது. அசல் எது என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

இதற்கு மறுமுனையில் இருப்பது அதே சென்னை ஆய்வகத்தின் கருவித் தூண்; கருங்கல்லால் ஆன அது இன்று நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1792-இல் நிறுவப்பட்டது. பதினைந்து அடி உயரம், பத்து டன் எடை, தமிழிலும் கல்வெட்டு உண்டு. யாரும் அதை மாற்றவில்லை. அது தாங்கிய கருவி போய்விட்டது. முற்றிலும் மீட்கப்பட்ட நிலையில் இருக்கிறது, வேலைதான் இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே, சென்னை வழியே கோடைக்கானல் சேர்ந்த ஜான் ஷெல்ட்டன் செய்த கடிகாரம் ஒன்றுண்டு. 1769-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைக் காண கேப்டன் குக் கொண்டுபோனதும் ஷெல்ட்டன் கைவேலைதான். கடிகாரத்தைப் பொறுத்தவரை மாற்றுவதற்கு இடமில்லை. ஊசல் நீளத்தில் கைவைத்தால் காலமே மாறும். ஆகவே எதை மாற்றலாம் என்பதை அந்தந்தப் பொறியின் வேலைதான் முடிவுசெய்யும், அதன் வயது அல்ல. பின்பாலில் ரப்பர் வளையம், பல்பு, சுருள் எல்லாம் தீர்ந்துபோவதற்கென்றே பிறந்தவை, தயங்காமல் மாற்றலாம். ஆடுதளத்தின் சாய்வையும் ஃப்ளிப்பரின் விசையையும் மாற்றினால் ஆட்டம் வேறாகிவிடும். அவை பின்பாலின் ஊசல்.

6. எழுதி வைக்காத பழுது

கோடைக்கானலின் கால்சியப் படங்கள் 1904 முதல் 2007 வரை தகட்டிலும் படச்சுருளிலும் பதிவாயின. 2008-இல் புதிய இரட்டைத் தொலைநோக்கி அப்பணியை ஏற்றது. பழைய படங்கள் எண்மயமாக்கப்பட்டு உலகெங்கும் சூரிய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அங்கேதான் இந்த வழக்கின் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. படங்களின் தரம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பிளவின் அகலமோ அது நிற்கும் இடமோ சற்று மாறினாலும், சூரியனில் பிரகாசத் திட்டுகள் கூடியது போலவோ குறைந்தது போலவோ தோன்றும். வெயிலைப் பிடிக்கும் கண்ணாடியின் அமைப்பால் பிம்பம் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும். படமெடுத்த நேரம் தவறாகப் பதிவானால் சூரியனின் வடதுருவம் தவறான திசையில் விழும். ஆய்வாளர்கள் இன்று ஆண்டுக் கணக்கில் இத்தகைய பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். எவர்ஷெட்டும் பின்வந்தவர்களும் பொறியைத் தொட்டதால் வந்த சிக்கலல்ல இது. தொட்டதற்குக் குறிப்பு இல்லாத இடத்தில் பொறியின் மாற்றம் சூரியனின் மாற்றமாக வேடம் போடுகிறது.

வீட்டுப் பட்டறைக்கும் இதே நியாயம்தான். பின்பால் பெட்டிக்குள் ஆலை தந்த மின்சுற்று வரைபடம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதில் மஞ்சள்-சிவப்பு என்றிருக்கும் கம்பி உங்கள் பெட்டியில் நீலமாக இருந்தால், உங்களுக்கு முன் ஒருவர் அங்கே கைவைத்திருக்கிறார். ஏன் வைத்தார், எப்போது வைத்தார் என்று தெரியாமல் நீங்கள் இரண்டு இரவுகள் மல்டிமீட்டரோடு உட்கார வேண்டியிருக்கும். கம்பியை மாற்றிய அன்றே வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி, நிறம், காரணம் மூன்றையும் எழுதிவிட வேண்டும். கோடைக்கானல் ஈரத்தில் பேனா மை ஊறும், பென்சில் நிற்கும்.