அட்டாரி: பெரிதாகக் கட்டிய வாசல்



"வாகா பார்டர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் வாகா கிராமம் பாகிஸ்தானில் இருக்கிறது. நம் பக்கத்து ஊர் அட்டாரி, அமிர்தசரஸிலிருந்து சுமார் 30 கி.மீ. அங்கே மாலையில் காலைத் தூக்கி உதைத்துக் கொடி இறக்குவதை டி.வி.யில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பி.காம். படிப்பவனுக்கு அதைவிட அங்கே போய்வந்த சரக்குதான் கண்ணில் படுகிறது, என்ன செய்வது! :)

முன்பெல்லாம் லாரிகள் எல்லைக் கோட்டைத் தாண்ட முடியாது. இந்தப் பக்கம் லாரி நிற்கும். நம் போர்ட்டர் மூட்டையைத் தலையில் சுமந்து கோடு வரைக்கும் போவார். அந்தப் பக்கத்து போர்ட்டர் அதைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்வார். வெங்காயம், உலர்பழம் எல்லாம் இப்படித் தலை மாறித்தான் போயின. 2007 அக்டோபரில்தான் லாரிகளையே அடுத்த பக்கத்துக்குள் விட்டார்கள். அப்போதும் பயணிகள், சரக்கு, கொடி இறக்கும் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரே பாதை. மாலைக் கூட்டம் சேருவதற்குள் சரக்கு வேலையை முடித்தாக வேண்டும்.

எல்லைச் சாவடிகளில் வசதி போதவில்லை என்பது டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. சுங்கம், குடியேற்றம், பாதுகாப்பு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும்படி "ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி"கள் கட்ட வேண்டும் என்று 2003-லேயே செயலாளர்கள் குழு சொல்லிவிட்டது. மொத்தம் 13 இடங்கள் என்று திட்டம். அவற்றை நடத்தும் ஆணையத்துக்கு 2010-ல் சட்டம், 2012 மார்ச்சில் ஆணையம். முதலில் தயாரானது அட்டாரி. 2012 ஏப்ரல் 13 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர், நம்ம ஊர் ப. சிதம்பரம் திறந்து வைத்தார். சுமார் 120 ஏக்கர், சுமார் 150 கோடி ரூபாய். லாரிகளுக்குத் தனி வாசல், கிடங்குகள், எடை மேடை, பயணிகளுக்குத் தனிக் கட்டடம்.

ஆனால் சாலை வழியாக இந்தியாவிலிருந்து வரலாம் என்று பாகிஸ்தான் அனுமதித்த பொருட்கள் மொத்தமே 137. மற்றவை கப்பலிலோ ரயிலிலோ போக வேண்டும். பெரிய கல்யாண மண்டபம் கட்டிவிட்டு, விருந்துக்கு யார் வரலாம் என்ற பட்டியலைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்த மாதிரி!

இதே திட்டத்தில் மேற்கு வங்கத்தில் கட்டிய பெட்ராபோல் 2016-ல் திறந்தது. அங்கே நிலைமை நேர் எதிர். சரக்குக்குப் பஞ்சமில்லை, எதிர்ப்பக்கம் பெனாபோலில் இறக்க இடம் போதாமல் லாரிகள் போங்காவ் ஊரில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. ஆக, இரண்டு இடத்திலும் முட்டுக்கட்டை நம் சுவருக்கு வெளியே இருந்தது. சுவருக்குள் என்ன கட்டலாம் என்பதில் காட்டிய அக்கறையில் பாதியாவது இதில் காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

அட்டாரிக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பொருட்கள் மீது இந்தியா 200 சதவீத வரி போட்டது. அதுவரை அங்கிருந்து வந்துகொண்டிருந்த சிமென்ட், ஜிப்சம், காய்ந்த பேரீச்சை எல்லாம் ஏறக்குறைய நின்றன. ஆகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்தியது. ஆப்கானிஸ்தான் சரக்கு மட்டும் வந்தது. 2022-ல் ஆப்கானியர்களுக்கு நாம் கொடுத்த கோதுமையும் இந்த வழியாகத்தான் போனது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் சாவடியை மூட உத்தரவு வந்தது.

கட்டடம் சும்மா கிடந்தால் தேய்மானம் என்று கணக்கில் எழுதிவிடலாம். போர்ட்டர்களையும், கடன் வாங்கி லாரி வாங்கியவர்களையும், கிளியரிங் ஏஜென்ட்களையும், ரோட்டோர தாபாக்காரர்களையும் எந்தக் கணக்கில் எழுதுவது? வாசல் மூடினால் இவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதும், எத்தனை லாரி நிற்கலாம் என்பதைப் போலவே, திட்டம் போடும்போதே எழுத வேண்டிய விஷயம் இல்லையா?

இன்னொன்று. 2012 திறப்பு விழாவுக்கு எல்லை தாண்டி வந்து கலந்துகொண்டவர்களில் ஒருவர் அன்றைய பாகிஸ்தான் பஞ்சாப் முதல்வர் ஷாபாஸ் ஷெரீப். 2025-ல் அதே வாசல் மூடியபோது அவர்தான் அந்நாட்டுப் பிரதமர்.