குவேக் எந்த மொழியில் எழுதப்பட்டது?

எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "ப்ரோ, ரியல்-டைம் கிராஃபிக்ஸ் பண்ணணும். சி++ கத்துக்கவா, ரஸ்ட் கத்துக்கவா, இல்ல பைத்தானே போதுமா?" பதிலுக்கு முன்னாடி ஒரு பழைய கதை சொல்றேன். 1996 ஜூன் மாதம் வெளிவந்த குவேக் கேமோட கதை.

அப்போ பெரும்பாலான வீடுகளில் 3டி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒவ்வொரு பிக்சலையும் சிபியுவே கணக்குப் போட்டு வரையணும். திரை 320-க்கு 200, அதாவது 64,000 பிக்சல். நொடிக்கு 30 ஃப்ரேம்னா 19 லட்சத்து 20 ஆயிரம் பிக்சல். 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஒரு பிக்சலுக்குக் கிடைக்கிறது வெறும் 39 க்ளாக் சைக்கிள். கேமோட மற்ற எல்லா வேலையும் அதுக்குள்ளதான் முடியணும்.

இதுல வில்லன் யாருன்னா, வகுத்தல். சுவரில் ஒட்டின படம் தூரம் போகப் போகச் சரியா சுருங்கித் தெரியணும்னா, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு தடவை வகுக்கணும். துல்லியத்தைக் குறைச்சு வெச்சாலும் பென்டியத்தில் ஒரு வகுத்தலுக்கு 19 சைக்கிள். பாதி பட்ஜெட் காலி.

ஐடி சாஃப்ட்வேரில் ஜான் கார்மேக்கின் எஞ்சின் பெரும்பாலும் சி மொழியில் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டை விட்டு அங்கே வந்து சேர்ந்த மைக்கேல் ஆப்ராஷ், அசெம்பிளியில் கில்லாடி. 16 பிக்சலுக்கு ஒரு தடவை மட்டும் வகுத்துட்டு, நடுவில் இருக்கிறதைத் தோராயமா நிரப்பினாங்க. அதோட இன்னொரு தந்திரம்: பென்டியத்தில் ஃப்ளோட்டிங் பாயின்ட் வகுத்தல் ஓடிட்டு இருக்கும்போதே இன்டிஜர் கட்டளைகளும் ஓடும். இந்த 16 பிக்சலை வரையும்போதே அடுத்த 16-க்கான வகுத்தல் பின்னணியில் முடிஞ்சிடும். எந்தக் கட்டளை எப்போ கிளம்பணும்னு அன்றைய சி கம்பைலர்கிட்ட இவ்வளவு நுணுக்கமா சொல்ல முடியாது. அதனாலதான் இந்த மாதிரி லூப்களுக்கு அசெம்பிளி.

1999-ல் சோர்ஸ் கோட் வெளியானப்போ பார்த்தா, அதே வேலைக்கு சி-யில் எழுதின வடிவமும் இருந்தது. இன்டெல் வகை சிப் இல்லாத மெஷினுக்கு அது போதும்.

மூணாவதா ஒரு மொழியும் உண்டு: குவேக்-சி. கதவு எப்போ திறக்கணும், அடிபட்ட எதிரி என்ன செய்யணும் என்கிற விதிகள் எல்லாம் இதில்தான். பைட்கோடா மாத்தி, எஞ்சின் அதை வரி வரியா படிச்சு ஓட்டும். மெதுவான மொழிதான், ஆனா ஒரு எதிரி நொடிக்கு சுமார் 10 தடவை யோசிச்சா போதுமே! ரசிகர்கள் இதை வெச்சுத்தான் சொந்த கேம்கள் எழுதினாங்க. அதே வருஷம் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் அப்படிப் பிறந்தது. அதை எழுதினவங்களை அப்புறம் வால்வ் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கிட்டது.

இந்த வேகத்துக்கு விலை கொடுத்தவங்களும் உண்டு. சைரிக்ஸ் 6எக்ஸ்86 சிப், இன்டிஜர் வேலையில் பென்டியத்தோட மோதக்கூடியது. ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் பலவீனம். குவேக்கோ பென்டியத்துக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை. சைரிக்ஸில் அது திணறினது. கேம் ஆடுறவங்க மத்தியில் சிப்புக்குக் கெட்ட பேர். 1997-ல் நேஷனல் செமிகண்டக்டர் சைரிக்ஸை வாங்கியது, 1999-ல் அது வியா கைக்குப் போனது. குவேக் ஒண்ணே காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா ஒரு லூப்பை எந்த மொழியில், எந்த சிப்பை நம்பி எழுதறோம்ங்கிறது நம்ம கோடோட மட்டும் நிக்கிற விஷயம் இல்ல.

சரி, கேள்விக்கு வருவோம். மொழியைத் தேடறதுக்கு முன்னாடி, "இந்த வரி நொடிக்கு எத்தனை தடவை ஓடும்?"னு கேளுங்க. பட்டனை அழுத்தினா ஒரு தடவை ஓடற வரிக்குப் பைத்தான் தாராளம். பிக்சலுக்குப் பிக்சல் ஓடறதை பைத்தான் ஃபார் லூப்பில் போடாதீங்க, ஓபன்சிவி-கிட்ட விடுங்க. அதோட உள்ளே ஓடறது சி++. அதுவும் பத்தலைன்னா சி++, ரஸ்ட், இல்ல ஜிபியு ஷேடர் பக்கம் போகலாம். ஆனா முதல்ல ப்ரொஃபைலர் போட்டு, எந்த லூப் நேரத்தைத் தின்னுதுன்னு பார்த்துட்டுப் போங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.