கையெழுத்திலிருந்து கைநாட்டுக்கு

"சார், எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே. நோட்டக் குடுங்க, போட்டுட்டுப் போறேன்."

நான் வேலை பார்த்த தனியார் பள்ளியொன்றில் துப்புரவு வேலை செய்த ஒரு அம்மா, வாசலில் மாட்டியிருந்த வருகைப்பதிவு மிஷின் முன்னால் நின்று ஒருநாள் காலையில் சொன்னது இது. பெருவிரல், ஆள்காட்டி விரல், சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் பெருவிரல். எதுவும் விழவில்லை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ரேகையைத் தின்றிருந்தன. மாதக் கடைசியில் மிஷின் கொடுத்த பட்டியலில் அவருக்கு நான்கு நாள் ஆப்சென்ட். அந்த நான்கு நாளும் அவர் கூட்டிவிட்டுப் போன வகுப்பறையில்தான் நான் பாடம் நடத்தினேன். பட்டியலில் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்பியதும் நான்தான். சம்பளம் பிடிக்கப்பட்டது.

அவர் கையெழுத்துப் படித்தது 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில். தொண்டர்களாக ராத்திரிகளில் தெருத்தெருவாகப் போய் நாங்கள் சொல்லிக்கொடுத்தது எழுத்தை மட்டுமல்ல. 'கைநாட்டு' என்பது வெறும் பெருவிரல் பதிவல்ல, ஒரு வசைச்சொல். அதிலிருந்து வெளியேறுவது ஒரு அரசியல் செயல் என்று நம்பினோம். அப்படி வெளியேறியவரைத்தான் முப்பது வருஷம் கழித்து ஒரு மிஷின் மறுபடியும் கைநாட்டாக்கியது. 'வளர்ச்சி' என்ற சொல்லாடலுக்குள் வைத்து இந்தத் திரும்புதலைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதன் வரலாற்றைத் தேடிப்போனேன்.

1858 ஜூலை. வங்காளத்தில் ஜங்கிப்பூர். வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை கொண்டுவந்து போட ராஜ்யதர் கொனாய் என்பவரோடு ஒப்பந்தம் செய்கிறார். கொனாய் எழுத்தறியாதவர் அல்ல. ஒப்பந்தத்தைத் தன் கைப்பட எழுதியவரே அவர்தான். கையெழுத்துப் போடப் போனவரை ஹெர்ஷல் நிறுத்தி, அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையைத் தடவி, உள்ளங்கையைத் தாளின் பின்பக்கம் பதிக்க வைத்தார். பின்னால் 'அது என் கையெழுத்தில்லை' என்று சொல்லிவிடக் கூடாது, ஆளைப் பயமுறுத்தி வைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

ஆக, எழுதத் தெரியாதவருக்கான மாற்று ஏற்பாடாக இது தொடங்கவில்லை. எழுதத் தெரிந்தவரின் எழுத்தை நம்ப மறுத்த இடத்தில்தான் தொடங்கியது. ஹெர்ஷல் பிற்பாடு தன் விரல்களையும் பதித்து வைத்தார், அது ரேகை மாறுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சிக்காக. கொனாயின் கை பதிந்தது பிணைக்காக. கண்காணிப்பின் தோற்றத்தைத் தேடி ஃபூக்கோ பெந்தாமின் சிறை வரைபடத்துக்குப் போனார். நம் கதைக்கு ஒரு சரளைக் காண்டிராக்டின் பின்பக்கம் போதும்.

1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் பென்ஷன்காரர்களிடமும், பத்திரப்பதிவிலும், சிறையிலும் ஹெர்ஷல் ரேகை வாங்கினார். வியாபாரம், அரசாங்கம், தண்டனை மூன்றுக்கும் அன்றே ஒரே மை. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்தது. ரேகைகளை 1024 அறைகளாகப் பிரித்துத் தேடும் கணக்கை உருவாக்கியதில் பெரும்பங்கு அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுடையது. முறைக்குப் பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. 1901இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. காலனியில் சோதித்து முடித்த பிறகுதான் ஏகாதிபத்தியத் தலைநகருக்கு.

எங்கள் பக்கத்துக்கு அது வேறு வழியாக வந்தது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பதிவுசெய்யப்பட்டவர்களின் ரேகையை எடுக்க அதிகாரம் கொடுத்தது. மதுரைக்கு மேற்கே அதற்கு 'ரேகைச் சட்டம்' என்றே பெயர். என் அப்பத்தா சொல்லும்: "களவாண்டவன் கையும் ஒண்ணுதான், கம்பு வெதச்சவன் கையும் ஒண்ணுதான் அவுகளுக்கு." 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்துப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆனது.

இங்கே ஒரு சுயவிமர்சனம் தேவைப்படுகிறது. பெருங்காமநல்லூரை நாங்கள் சாதியின் வீரக்கதையாகச் சுருக்கிக்கொண்டோம். வருஷா வருஷம் மாலை போடுகிறோம். 'என் கையை நீ ஏன் சந்தேகிக்கிறாய்' என்ற அன்றைய கேள்வியைச் சேரியிலிருந்து வரும் துப்புரவுப் பெண்ணின் கைக்காகக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. பட்டியலில் கையெழுத்துப் போட்ட நானும் ரேகை வைத்த அப்பத்தாவின் பேரன்தான்.

அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டம் நூறு வருஷம் நீடித்தது. 2022இல் அதன் இடத்துக்கு வந்த சட்டம் கருவிழியையும் சேர்த்துக்கொண்டு, பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. மறுபக்கம், 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் தொடங்கி ஆதார் ஊர் ஊராக வந்தது. 2018இல் உச்சநீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக் கணக்குக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது, அரசின் உதவித் திட்டங்களுக்கு அனுமதித்தது. அதாவது யார் அரசை அண்டி வாழ்கிறார்களோ, அவர்கள் கையைக் காட்டியாக வேண்டும். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு ரேகைக் கருவி வந்தது.

போலிகளைக் களைய வேண்டாமா என்று தோழர்கள் கேட்கலாம். களையத்தான் வேண்டும். ரேகை விழாவிட்டால் கருவிழி, செல்போனுக்கு வரும் எண் என்று மாற்று வழிகள் இருப்பதும் உண்மை. ஆனால் எல்லா வழியிலும் நிரூபிக்கிற பாரம் ஒரே பக்கத்தில்தான் விழுகிறது. மிஷின் பழுதானால் மிஷினுக்கு ஆப்சென்ட் போடுவதில்லை. தேய்ந்த விரல் உழைப்பின் சாட்சி, மிஷினுக்கோ அதுவே ஆள் இல்லை என்பதற்கான சாட்சி. தொழில்நுட்பம் புதிதாக இந்தச் சந்தேகத்தை உண்டாக்கவில்லை. 1858இலேயே இருந்ததை வேகமாக்கி, முகமற்றதாக்கி, கேட்க ஆளில்லாமல் செய்திருக்கிறது.

அந்த அம்மா கேட்டது பெரிய புரட்சி எதுவுமல்ல, மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. அவருடைய கையெழுத்தை யாரும் ஏற்கவில்லை. அவர் வரவில்லை என்று நான் போட்ட கையெழுத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.